இரண்டு சென்சாரும் நம்பாத 'சீல் கசிவு' எப்படி 1.0 ஆனது?

இயந்திரத்தில் எது பழுது என்று அறிய இரண்டு சென்சார்களின் கணிப்பை இணைத்தீர்கள்; சீல் கசிவுக்கு 1.0, அதாவது முழு உறுதி, வந்தது. உங்கள் புரோகிராம் கோடில் பிழை இல்லை. தனித்தனிச் சாட்சிகளின் நம்பிக்கை எண்களை ஒன்றாக இணைக்கும் டெம்ப்ஸ்டர் விதியே இந்த உள்ளீட்டுக்கு அந்த விடையைத்தான் தரும். 1979-இல் கணினி அறிவியலாளர் லோட்ஃபி ஸாடே சுட்டிக்காட்டிய அதே சிக்கல்.

அதிர்வு சென்சார் பேரிங்குக்கு 0.99, சீலுக்கு 0.01 தருகிறது. வெப்ப சென்சார் காயிலுக்கு 0.99, சீலுக்கு 0.01. இரண்டும் ஒத்துப்போகும் ஒரே இடம் சீல்: 0.01 × 0.01 = 0.0001. மீதி 0.9999 முழுக்க முரண். விதி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சிய துளியை 1-ஆகப் பெருக்கிவிடுகிறது. பெரும்பாலும் காரணம், சென்சார்களுக்கு 'தெரியாது' என்று சொல்ல நீங்கள் இடமே விடாததுதான்.

மிஞ்சியதை 1 − K-ஆல் வகுப்பதற்கு முன் K மதிப்பை (முரணின் மொத்தம், இங்கே 0.9999) அச்சிட்டுப் பாருங்கள். 0.9-ஐத் தாண்டினால் நான் விடையைத் தொடவே மாட்டேன்.

அப்புறம், ஒவ்வொரு சென்சாரின் எடையிலும் 10% எடுத்து 'எதுவாகவும் இருக்கலாம்' என்ற முழுக்கணத்துக்குக் (மூன்று பழுதும் சேர்ந்த தொகுப்பு) கொடுங்கள். பேரிங், காயில் தலா 0.47 அளவில் வரும், சீல் 0.01-க்குள் அடங்கும்.

ஆனால் 10% என்பது சும்மா நான் எடுத்த எண். உங்கள் பழைய பழுதுப் பதிவேட்டில் எந்த சென்சார் எத்தனை முறை தவறியது என்று எண்ணி, அதை வைத்து அந்தச் சதவீதத்தை வையுங்கள். இரண்டும் ஒரே மின்வழங்கியில் ஓடினால் அவை தனித்தனிச் சாட்சிகளே அல்ல, இந்த விதி பொருந்தாது.