பதில்: முட்டிவலி உள்ள அம்மாவுடன் அவிஞோனில் ஒரே பகல், அரண்மனையா பாலமா?

தென் பிரான்சின் அவிஞோன் நகரில் போப்பாண்டவர் அரண்மனை, பழைய பாலம் இரண்டையும் ஒரு பகலுக்குள் பார்க்கலாமா, அம்மாவால் படி ஏற முடியாதே என்று கேட்டிருந்தீர்கள். அரண்மனையைத் தேர்ந்தெடுங்கள், பாலத்துக்கு டிக்கெட் வாங்காதீர்கள்.

டிஜிவி என்னும் அதிவேக ரயில் நிற்கும் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து சின்ன ரயிலில் ஐந்தாறு நிமிடத்தில் நகர மையம் வந்துவிடலாம். எதிரிலேயே கோட்டைச் சுவர்.

போப்பாண்டவர் அரண்மனையில் படிகள் நிறையத்தான். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இந்த ஊரில் இருந்தார்கள். பெரிய கூடங்கள் இன்று காலி, வெறும் சுவர்தான் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் மான் அறையைத் தவறவிடாதீர்கள். ஒரு சுவரில் மீன் குளம் ஓவியமாக, சுற்றிலும் ஆட்கள் வலையும் தூண்டிலுமாக, பக்கத்தில் வேட்டைக்காரர்கள். போப்பாண்டவர் வேலை பார்த்த அறையில் ஒரு சாமி படம்கூட இல்லை! அம்மாவுக்கு முடியாவிட்டால் வெளியே சதுக்கத்தில் நிழலாகப் பார்த்து உட்காரட்டும், நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

பாலத்தில் 22 வளைவுகளில் மிச்சம் 4தான். அதன் மேல் நடப்பதைவிட எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதே அழகு. ரோன் ஆற்றைக் கடக்க இலவசப் படகு உண்டு, அம்மாவுக்கும் உட்கார்ந்தபடி ஒரு பயணம்.

ஜூலை என்கிறீர்கள். நாடக விழா சமயம், தெருவெல்லாம் கூட்டம், வெயிலும் கொளுத்தும். அரண்மனையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு லே ஆல் சந்தை நல்லது, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.