கேமரா கேள்வி – பதில்: அலைமேல் ஆட்கள்

கேள்வி: ஆகஸ்டில் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பை முனையில் நாள் முழுக்க சர்ஃபர்களை (பலகையில் நின்று அலைமேல் சறுக்குபவர்களை) படம் எடுத்தேன். கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 70–300 லென்ஸ். காலையில் எடுத்ததில் ஆட்கள் கறுப்பு. மதியம் எடுத்தது மங்கல். மற்றதில் பெரும்பாலும் முதுகுதான். பெரிய லென்ஸ் வாங்கட்டுமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: வேண்டாம். கிராப் சென்சாரில் 300 மி.மீ. ஏறக்குறைய 450 மி.மீ. பார்வையைத் தரும். மாற வேண்டியது நீங்கள் நிற்கும் இடம்.

அங்கே உடைவது வலது அலை. சர்ஃபர் தன் வலப்பக்கம் போவார். கரையில் நிற்கும் நமக்கு வலமிருந்து இடமாகத் தெரியும். இடது காலை முன்வைப்பவர்களே அதிகம். அவர்கள் முகம் அலைப் பக்கம் இருப்பதால் நேரெதிரே நின்றால் முதுகுதான் கிடைக்கும். அலை ஓடி முடியும் திசையில், குடாவின் உட்பக்கம் நடந்து போய் நில்லுங்கள். ஆள் உங்களை நோக்கி வருவார்; முகம், பலகை, எழும்பி நிற்கும் அலை மூன்றும் சேர்ந்து விழும்.

கிழக்குக் கரை என்பதால் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். அப்போது நிழலுருவமும் ஒளிரும் நீர்த்திவலையும் அருமையாக அமையும். முகம் வேண்டுமானால் மூன்று மணிக்குப் பிறகு, வெயில் முதுகுக்குப் பின்னால் வந்ததும் எடுங்கள். சிக்கல் என்னவென்றால், பிற்பகலில் காற்று கிளம்பி நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும். மாலையிலும் காற்று ஓய்ந்திருக்கும் நாள் வாய்த்தால் கரையை விட்டு நகராதீர்கள்.

மதிய மங்கலுக்குக் காரணம், சுட்ட மணல்மேல் நெளியும் கானல். எந்த விலை லென்ஸும் அதைத் தாண்டாது. நீர் விளிம்புக்கு இறங்குங்கள், குறையும்.

வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது மேனுவலில் 1/1600, எஃப்/8, ஐஎஸ்ஓ 400 வைத்துத் தொடங்கலாம். ஆட்டோவில் விட்டால் ஃபிரேமில் நுரை கூடும்போதெல்லாம் கேமரா ஏமாந்து ஆளை இருட்டாக்கும். நுரை வெளுத்துப் போனால் 1/2000. ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். இருவர் ஒரே அலையைப் பிடிக்கக் கையால் நீரைத் தள்ளி வந்தால், அலை உடையும் இடத்துக்கு அருகில் இருப்பவரைப் பிடியுங்கள். அலை அவருக்குத்தான், மற்றவர் விலகிவிடுவார். எழுந்து நிற்கும் முன்பே ஃபோகஸைத் தொடங்கி, அவர் அடியில் திரும்பி மேலேறி அலையின் உதட்டைத் தொடும்போது தொடர்ச்சியாக அழுத்துங்கள்.

கேள்வி: கோவளத்தில் ஒரு மணி நேரத்திலேயே லென்ஸில் உப்புப் படலம். துடைத்தால் கீறல் விழுமா?
– வாசகி, சென்னை

பதில்: காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் விழும். முதலில் ஊதியால் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் முடியுங்கள். முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் தேய்மானம் அதோடு போகும். கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் முக்காலியின் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். இல்லையென்றால் பூட்டு மணலால் இறுகிவிடும்.