அந்த நானாவின் மகனிடம் என்ன சொல்வது?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். இப்போது டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை. எங்கள் தோட்டத்துக்குப் பல வருடமாகத் தவணைக்குத் துணி கொண்டுவந்த முஸ்லிம் நானா ஒருவரைக் கொரோனா நேரத்தில் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் உள்ளே விடாமல் மறித்தார்கள். முன்னுக்கு நின்றவர் என் அப்பா. 'இவங்கதான் நோயைப் பரப்புறாங்க' என்று வந்த வாட்ஸ்அப் குரல்பதிவை நானும் சில குழுக்களுக்கு அனுப்பினேன். அந்த வருடமே நானா கொரோனாவில் இறந்தார்; எரித்துவிட்டார்கள். இப்போது அவருடைய மகன் எங்கள் அலுவலகத்துக்கே வேலைக்கு வந்திருக்கிறார். என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறார். அப்பாவோ, 'நம்மளையும்தான் அப்ப டவுன்ல கடைக்குள்ள விடல, அதை யாரு கேட்டா?' என்கிறார். பழையதைக் கிளறாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம், தங்கச்சி. உங்களுக்குத்தான் அது பழைய கதை. 'எரித்துவிட்டார்கள்' என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். நானாவின் மகனிடம் பேசப்போகுமுன் அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

கொரோனாவில் இறந்தவர்களை அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டிவிட்டது. இலங்கையில் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி போட்டு எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். அதற்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை. ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, கபன் என்கிற வெள்ளைத் துணி சுற்றி, தொழுது, மண்ணில் வைப்பது முஸ்லிம்களுக்கு இறந்தவருக்குச் செய்தே ஆகவேண்டிய கடமை. அதைச் செய்ய விடவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையைப் பெற்றோர் சம்மதிக்காமலே எரித்தார்கள். பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஜனங்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனது அதற்குப் பிறகுதான். உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களும் தள்ளுபடியாகியிருந்தன. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆகிவிட்டது.

நானாவுக்கு ஒரு கப்று, அடக்கிய குழி என்று கிடையாது. மகன் பக்கத்தில் நின்று துஆ கேட்க ஓர் இடம் கிடையாது. உங்களை அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளை இதைச் சுமந்துகொண்டுதான் தினமும் வேலைக்கு வருகிறது.

அப்பா சொல்வதும் பொய்யில்லை. ஊரடங்கிலும் கொழுந்து பறிக்க ஆட்களை மலைக்கு இறக்கினார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களில், அந்த ஒற்றை அறைகளில், ஒருவருக்கு நோய் வந்தால் தள்ளி இருக்க எங்கே இடம்? அதைப் பேசாதவர்கள், கொழும்பிலிருந்து வீடு திரும்பிய நம் பிள்ளைகளை மட்டும் 'நோயைக் கொண்டாந்துட்டாங்க' என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் இதேதான். கொலரா இந்தியக் கூலிகளோடுதான் வருகிறது என்று சொல்லி, தமிழ்நாட்டுக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் நம் பாட்டன் பாட்டிகளை நாள்கணக்கில் நிறுத்தி, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தித்தான் இந்தப் பக்கம் அனுப்பினார்கள். அதற்கும் முந்தியவர்கள் மாத்தளைப் பாதையில் நடந்துவந்து பட்டினியிலும் கெட்ட தண்ணீரிலும் செத்தார்கள். பழியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

இவ்வளவும் தெரிந்த நாம்தான் நானாவை மறித்தோம் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. கடை வாசலில் நிறுத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாதா?

பழி போட ஆளை முதலே பிடித்து வைத்திருந்தார்கள். கிருமி பிறகுதான் வந்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததை மலையகத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு முழுச் சமூகத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த வருடம் கண்டிக்குப் பக்கத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் அக்குறணையில் தொற்றுக் கண்டு ஊரை மூடியதும், அந்தக் குரல்பதிவுகளை நம்ப எல்லாரும் தயாராக இருந்தார்கள். ஐரோப்பாவிலும் இப்படித்தான் நடந்தது. 1349இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில், கொள்ளைநோயைப் பரப்பக் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். கொள்ளைநோய் அப்போது அந்த ஊருக்குள் வந்திருக்கவே இல்லை.

சரி, எப்படிப் பேசுவது? மற்றவர்கள் முன்னால் வேண்டாம். தனியாக, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: 'தம்பி, உங்க வாப்பாவை எங்க தோட்டத்துல மறிச்சாங்க. முன்னுக்கு நின்னது எங்க அப்பா. முஸ்லிம் ஆக்கள்தான் நோயைப் பரப்புறாங்கன்னு வந்த பொய்யை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அது பெரிய பிழை.' இதோடு நிறுத்துங்கள். 'நாங்களும்தான் கஷ்டப்பட்டோம்' என்பதை அந்த நேரத்தில் எடுக்கவே கூடாது. அழுதுவிடவும் வேண்டாம்; அப்புறம் அந்தப் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டிவரும். அவருக்கு இது முன்னமே தெரிந்திருக்கலாம். எழுந்து போய்விடலாம், அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தலாம். அது அவருடைய உரிமை. மன்னித்தாயா என்று மறுநாள் போய்க் கேட்காதீர்கள்.

குரல்பதிவை அனுப்பிய குழுக்கள் இன்னும் இருந்தால், அது பொய், நான் அனுப்பியது தவறு என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இன்னொன்று, தவணைக்குத் துணி என்று எழுதியிருக்கிறீர்களே. மறித்த நாளிலிருந்து நானா பாக்கி வசூலிக்கவும் உள்ளே வந்திருக்க மாட்டார். உங்கள் வீட்டுப் பாக்கி எவ்வளவு நின்றது, லயத்தில் யார் யார் தரவேண்டியிருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். பெண்களுக்குத்தான் அந்தக் கணக்கு ஞாபகமிருக்கும். நானாவின் கணக்குக் கொப்பி அவர்கள் வீட்டில் இருக்கிறதா என்று தம்பியிடம் விசாரியுங்கள். அந்தக் காசு இப்போது அவருடைய உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டியது. அப்பா கூட வந்தால் அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.