எழுத்தாளர் அசோகமித்திரனைப் பார்த்து எழுதினால் நகலாகவே வருகிறது

பார்த்து எழுதுவதை விடவேண்டாம். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுவதை விடுங்கள். பக்கம் பக்கமாக எழுதியும் உங்கள் கதை அவர் நிழலாகவே இருக்கிறது என்கிறீர்கள். அநேகமாகக் குட்டை வாக்கியம் மட்டும்தான் கைக்கு வந்திருக்கிறது. அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது வரவில்லை.

அவருடைய ‘தண்ணீர்’ நாவலில் ஒரு பத்தியை எடுங்கள். யார் என்ன செய்கிறார், எந்த வரிசையில், உணர்ச்சியைப் பேர் சொல்லும் வார்த்தை உண்டா என்று குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள். மறுநாள் அந்தக் குறிப்பை மட்டும் வைத்து, சென்னையின் 29சி பேருந்தில் நடக்கும் சில்லறைத் தகராறை எழுதுங்கள். நடத்துநர் பயணியின் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியைக் கிறுக்கித் தந்தால் போதும், ‘எரிச்சலுடன்’ என்ற வார்த்தை தேவைப்படாது. அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

அவர் வரி ஏதாவது அப்படியே தங்கியிருந்தால் பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை இந்தியாவில் பதிப்புரிமை உண்டு.