பிரோரா வடிசாலை ஏன் மூடப்பட்டது?

கேள்வி: ஸ்காட்லாந்தில் பணிபுரியும் என் மகன், அங்கே பிரோரா என்ற ஊரில் 1983-இல் மூடப்பட்டு 2021-இல் மீண்டும் திறக்கப்பட்ட விஸ்கி வடிசாலையைப் பற்றிச் சொன்னான். குடியானவர்களை ஊரைவிட்டு விரட்டிய வரலாறும் அதற்கு உண்டு என்கிறானே, உண்மையா? பிறகு ஏன் மூடினார்கள்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்துப் பகுதியின் பெருநிலக்கிழார்கள், செம்மறியாட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டி, உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த குடிகளைக் கடலோரத்துத் துண்டுநிலங்களுக்கு விரட்டினார்கள். அப்படிக் குடியேற்றப்பட்டவர்கள் விளைவித்த பார்லிக்கு ஒரு சந்தை வேண்டும், கள்ளச்சாராயமும் ஒழிய வேண்டும் என்று, அந்த நிலத்தின் உரிமையாளரான ஸ்டாஃபோர்டு பிரபு 1819-இல் கட்டியதுதான் கிளைனிலிஷ் என்ற இந்த வடிசாலை. 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எதற்காக வந்தது என்று அறிந்த டெல்டா மக்களுக்கு அந்த வெளியேற்றத்தின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. அங்கே சிறு குடியானவர்களுக்கு அத்தகைய பாதுகாப்பு 1886-இல்தான் கிடைத்தது. விரட்டியவரே விளைச்சலையும் வாங்கிக்கொண்டார் என்பதை வடிசாலையின் பெருமை பேசுவோர் மறைக்கக் கூடாது.

1960-களின் இறுதியில் பக்கத்திலேயே புதிய ஆலை எழுந்து, கிளைனிலிஷ் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது. 1968-இல் நின்ற பழைய ஆலை, மறு ஆண்டே மீண்டும் இயங்கியது; பிறகு ஊரின் பெயரால் பிரோரா என்றே அழைக்கப்பட்டது. பல சரக்குகளைக் கலந்து செய்யும் விஸ்கிகளுக்குப் புகைமணம் மிகுந்த சரக்கு தேவைப்பட்டதே காரணம். முளைகட்டிய பார்லியைப் பீட் என்னும் சதுப்புநில எரிபொருளின் புகையில் உலர்த்தி, இரண்டே செப்பு வாலைகளில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலங்களில், வடித்த அந்தச் சரக்குதான் பின்னாளில் பிரோரா என்ற பெயரைப் புகழ்பெறச் செய்தது.

மூடியதற்குச் சரக்கின் தரம் காரணமன்று. ஸ்காட்ச் விஸ்கி குறைந்தது மூன்றாண்டுகள் ஓக் பீப்பாயில் முதிர வேண்டும் என்பதால், இன்று வடிப்பவர் பல ஆண்டுகளுக்குப் பிந்தைய விற்பனையைக் கணித்தே வடிக்கிறார். 1970-களில் மிகையாகக் கணித்து வடித்துக் குவித்த நிலையில், பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, உரிமையாளரான டிஸ்டில்லர்ஸ் கம்பெனி 1983-இல் பல வடிசாலைகளை ஒரே ஆண்டில் மூடியது. அருகருகே இரண்டு ஆலைகள் இருந்த ஊரில் பழையதை நிறுத்துவது நிர்வாகத்துக்கு எளிதாயிற்று. வேலையிழப்பின் சுமை ஊராரைச் சேர்ந்தது.

மிஞ்சியிருந்த பீப்பாய்களின் விலை பின்னர் ஏலங்களில் மிக உயர்ந்ததால், இன்றைய உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் பழைய வாலைகள் இரண்டையும் அலோவா நகரப் பட்டறைக்குக் கொண்டுசென்று செப்பனிட்டு, 2021 மே மாதம் வடிப்பைத் தொடங்கியது. 1983-க்கு முன் வடித்த பிரோராவின் முதிர்ச்சியைப் புதிய சரக்கு எட்டுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.