எண்ணிப்புலமும் மறை அமுக்கமும்

கேள்வி: அண்டத்தின் விரிவு ஆர்முடுகுவதற்கு ஓர் எண்ணிப்புலம் காரணமாகலாம் என்றும், அதன் அமுக்கம் மறையானது என்றும் வாசித்தேன். மறை அமுக்கம் உள்நோக்கி அல்லவா இழுக்க வேண்டும்?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: பலர் தடுக்கி விழும் இடம் இது. இரு பக்கமும் அமுக்கம் வேறுபட்டால்தான் தள்ளலோ இழுவையோ உண்டாகும். அண்டமெங்கும் ஒரே அமுக்கமாகையால் ஈர்ப்பு விளைவு மட்டுமே எஞ்சும். பொதுச் சார்புக் கொள்கைப்படி அதைத் தீர்மானிப்பது சக்தி அடர்த்தியோடு அமுக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டி வரும் தொகை. அது மறையானால் விரிவு ஆர்முடுகும்.

நுவரெலியாவில் எங்கு நின்றாலும் வெப்பநிலை ஓர் எண்தான். காற்றைப்போல் அதற்குத் திசை இல்லை. எண்ணிப்புலமும் அப்படியே. அதன் இயக்கசக்தியையும் (புலம் மாறுவதால் வருவது) அழுத்தசக்தியையும் (புலத்தின் பெறுமானத்தால் வருவது; அமுக்கம் வேறு) கூட்டினால் அடர்த்தி. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் அமுக்கம். போட்டுப் பாருங்கள்.

இயக்கசக்தி 1, அழுத்தசக்தி 9 என்றால் அடர்த்தி 10, அமுக்கம் −8. தொகை 10 − 24 = −14: ஆர்முடுகல். 1, 2 என்றால் 3 − 3 = 0. இரண்டும் 1 என்றால் தொகை +2: அமர்முடுகல். ஆக, அழுத்தசக்தி இயக்கசக்தியின் இரு மடங்கைத் தாண்ட வேண்டும். சடப்பொருளையும் சேர்த்தால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

அதற்குப் புலத்தின் பெறுமானம், சரிவில் உருளும் பந்துபோல், அழுத்தசக்தியின் சரிவில் மிக மெதுவாக உருள வேண்டும். அண்ட விரிவே உராய்வுபோல் அதைத் தடுக்கிறது. ஆனாலும் சரிவு செங்குத்தானால் அது போதாது. இன்றுவரை மெதுவாக உருள, புலத்தின் திணிவு ஏறத்தாழ 10⁻³³ இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் திணிவைச் சொல்லும் சக்தி அலகு) அளவில் இருக்க வேண்டும். இலத்திரனின் திணிவோ 5 இலட்சத்துக்கும் மேல்! குவாண்டம் திருத்தங்கள் அந்தச் சிறு திணிவை உயர்த்திவிடப் பார்க்கும். இந்தக் கருத்தின் உண்மையான பலவீனம் இதுதான்.

கேள்வி: அண்டவியல் மாறிலி (வெற்றுவெளியின் மாறாத சக்தி அடர்த்தி) இருக்கும்போது புலம் எதற்கு?
– ஆசிரியர், பண்டாரவளை

பதில்: 1998இல் சுப்பர்நோவாக்கள் (வெடிக்கும் விண்மீன்கள்) காட்டிய ஆர்முடுகலை விளக்க மாறிலியே போதும்; அதன் அமுக்க–அடர்த்தி விகிதம் என்றும் −1. புலத்தின் விகிதமோ காலத்தோடு மாறும். 2025இல் வெளியான டெசி (விண்மீன் திரள்களின் பரவலை அளக்கும் கருவி) அளவீடுகளை அண்டத்தின் ஆரம்பகாலத்திலிருந்து வரும் பின்னணிக் கதிர்ப்பு, சுப்பர்நோவாத் தரவுகளோடு சேர்த்தபோது மாற்றத்தின் சாயல் தெரிந்தது: 2.8 முதல் 4.2 சிக்மா வரை (சிக்மா கூடக் கூட, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்புக் குறையும்). கண்டுபிடிப்பென்று சொல்ல 5 வேண்டும். அத்தரவுகளுக்கு நன்கு பொருந்தும் எளிய வளைகோட்டில் விகிதம் முற்காலத்தில் −1க்கும் கீழே இருக்கிறது. மேலுள்ள கணக்கில் இயக்கசக்திக்கு 0 இடுங்கள்: −1 வரும். அதற்குக் கீழே செல்ல இயக்கசக்தி மறையாக வேண்டும். சாதாரண எண்ணிப்புலத்துக்கு அது இயலாது.