கவராயத்தின் முனைகள் மூலைமட்டத்துக்குக் கீழே இருந்தால் பதக்கம் போலியா?

கவராயத்தின் (வட்டம் வரையும் கருவி) இரு முனைகளும் மூலைமட்டத்துக்கு (செங்கோணம் பார்க்கும் கருவி) அடியில் இருப்பதை மட்டும் வைத்து, 1717 என்ற எண் பொறித்த உங்கள் பதக்கத்தைப் போலி என்று முடிவு செய்ய வேண்டாம். கட்டடக் கொத்தர்களின் கருவிகளைக் குறியீடுகளாகக் கொண்ட சகோதரச் சங்கமான ஃபிரீமேசன் மரபில் அது முதற்படியான பயிலுநர் நிலையைக் குறிக்கும் அமைவாகும்.

மூலைமட்டம் நேர்மையான நடத்தையையும், கவராயம் ஆசைகளுக்கு எல்லை வகுக்கும் தன்னடக்கத்தையும் சுட்டுகின்றன. இரண்டாம் படியில் ஒரு முனையும், மூன்றாம் படியான மாஸ்டர் மேசன் நிலையில் இரு முனைகளும் மேலே வருவதால், புறவாழ்வின் மீது அகவாழ்வு படிப்படியாக மேலோங்குவதை இரண்டே கருவிகளின் இடமாற்றம் உணர்த்திவிடுகிறது. இம்மரபின் குறியீடுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே கவராயத்தின் ஒவ்வொரு காலையும் தனித்தனியே பாருங்கள்; தேய்ந்த உலோகத்தில் மேலிருப்பது கீழிருப்பதுபோலத் தோன்றக்கூடும். நடுவில் ‘ஜி’ (G) என்ற ஆங்கில எழுத்து இல்லாததும் குறையன்று. அமெரிக்காவில் பெருவழக்கான அது, பிற நாடுகளின் பல சின்னங்களில் இடம்பெறுவதில்லை.

அதிலுள்ள 1717 என்ற எண்ணைப் பதக்கம் செய்யப்பட்ட ஆண்டாகக் கொள்ளாதீர்கள். லண்டனில் முதல் பெரும் லாட்ஜ் (ஃபிரீமேசன் கிளைகளின் தலைமை அமைப்பு) தோன்றியதாக மரபு கூறும் ஆண்டு அது. நினைவுச் சின்னங்களில் பிற்காலத்திலும் பொறிக்கப்படுகிறது.

நகை செய்வோர் அழகுக்காகவும் கவராயமும் மூலைமட்டமும் மேல்கீழாக அமையும் அடுக்கை மாற்றுவதுண்டு. ஆகவே பதக்கத்துக்கு உரியவர் முதற்படியோடு நின்றுவிட்டார் என்பதற்கு இதைச் சான்றாக்க முடியாது.